தொட்டிக்குள் கேட்ட சொடக்கு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், உன் அறையில் குடியிருக்கும் இரண்டு மீன்களும் நலம், என் வலது கை மட்டும் நலமில்லை, அதனால்தான் பேனா இந்த வாலின் கையில் இருக்கிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லாவிட்டாலும் இருப்பதாகத்தான் போனில் சொல்வாய் என்பதும் எனக்குத் தெரியும். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது என்று இவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். (சேர்க்க மாட்டேன் அண்ணா. அடைப்புக்குறிக்குள் இருப்பது சரக்கில் சேராது.)

போன வாரம் போனில், என் ரூமை என்னப்பா பண்ணினீங்க என்று கேட்டாய், அன்றைக்கு நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன், இப்போது சொல்கிறேன். இந்தத் தடவையும் லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னாயே, அந்த வாரமே உன் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். கோபத்தில் செய்ததாக நினைக்காதே, தண்ணீரும் கல்லும் சேர்ந்தால் அது ஒரு குட்டி யானை கனம், வீட்டிலேயே தரை உறுதியாக இருக்கும் இடம் உன் அறைதான். (எல்லா அறைக்கும் ஒரே தரைதான் அண்ணா, ஒரே மேஸ்திரிதான்.) வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சும்மா உட்காராதீங்கப்பா, எதையாவது பிடிச்சுக்கோங்க என்று நீதானே சொன்னாய், பிடித்துக்கொண்டேன், இப்போது அது என்னைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. சாதாரண மீன் தொட்டி என்றால் யார் வேண்டுமானாலும் வைப்பார்கள், இது கடல்நீர்த் தொட்டி, நாளைக்குப் பவளமெல்லாம் வளரப்போகிற தொட்டி. ஆனால் ஆரம்பத்திலேயே மீன்கடைக்காரர் என் மானத்தை வாங்கிவிட்டார், குழாய்த் தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க சார், எல்லாம் செத்துப்போயிடும் என்றார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பம்பு ஹவுஸில் நின்று இந்த ஊருக்கே குடிதண்ணீர் அனுப்பியவன் நான், ஊர் குடிக்கலாமாம், மீன் குடிக்கக் கூடாதாம். வேறு வழியில்லாமல் வடிகட்டிய தண்ணீரைக் கேன் கேனாகத் தூக்கிவந்து, அதற்கென்று பாக்கெட்டில் வரும் கடலுப்பைக் கரைத்து ஊற்றினேன். டாக்டர் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து உன் அம்மா என் சாப்பாட்டில் உப்பு எட்டிப் பார்க்கவே விடுவதில்லை, நானோ தினமும் காலையில் எழுந்ததும் உப்பு சரியாக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கிறேன், தொட்டிக்கு. (ஒரு நாள் கரண்டியோடு தொட்டிப் பக்கம் போனார் அண்ணா, அளக்கத்தான் என்கிறார், அளக்கும் கருவி மேஜைமேல் இருந்தது.)

இந்தக் கடல் தொட்டியில் ஒரு விசேஷம், மீனை உடனே விட முடியாது. முதலில் கடலிலிருந்து எடுத்த கல்லை அடுக்கி, தண்ணீரை ஓடவிட்டு, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் குடியேறும் வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அவைதான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும். வருகிறவர்களுக்கு இது புரிந்தால்தானே, எல்லோரும் கல்லைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு அம்மாவை இரக்கத்தோடு பார்ப்பார்கள். போதாததற்கு இவள் ஒரு காரியம் செய்தாள், 'வாடகைக்கு விடப்படும்' என்று எழுதித் தொட்டியில் ஒட்டிவிட்டாள். கீழ்வீட்டுக்காரரிடம் உள்ளே கூச்ச சுபாவமுள்ள மீன் ஒன்று இருக்கிறது, நல்ல மனசு உள்ளவர்கள் கண்ணுக்கு மட்டும்தான் வெளியே வரும் என்று சொல்லியிருக்கிறாள், அந்த மனுஷனும் குனிந்து பார்த்துவிட்டு, ஆஹா வாலு என்ன அழகு சார் என்று என்னிடமே சொன்னார். (வாலைப் பார்த்து அழகு என்றார், பக்கத்தில் நான்தான் நின்றிருந்தேன், மனுஷன் பொய் சொல்லவில்லை.) ஒருவழியாகத் தண்ணீர் தேறி, ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோடு போட்ட மீன் இரண்டு வாங்கி விட்டேன். கோமாளி மீன் என்று பெயராம், ஏற்கனவே வீட்டில் ஒன்று இருக்கிறதே என்று கடையிலேயே சொல்லிவிட்டேன். அவை நீந்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பொழுது போவதே தெரியவில்லையப்பா, பம்பு ஹவுஸ் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு அந்தச் சில நாள்தான் காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது.

இருந்தது என்று ஏன் சொல்கிறேன் என்றால், மீன் வந்த சில நாளிலேயே சத்தமும் வந்தது. நல்ல மத்தியானம், உன் மேஜையில் தலை வைத்துக் கொஞ்சம் கண் அசந்திருந்தேன், தொட்டிப் பக்கமிருந்து டக் என்றது. கொஞ்சம் விட்டு இன்னொரு டக். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, குழாய் இப்படிச் சத்தம் போட்டால் அடுத்து வெடிக்கப்போகிறது என்று அர்த்தம், என் அனுபவத்தில் அது பொய்த்ததே இல்லை. நீளத் திருப்புளியின் முனையைக் கண்ணாடியில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, குழாய்க்குப் பார்ப்பது போலவே மூலை மூலையாகக் கேட்டேன், ஒரு கீறல் கூடத் தெரியவில்லை, சத்தம் மட்டும் நிற்கவில்லை. பிறகுதான் புத்தி வந்தது, இந்த வீட்டில் காரணமில்லாமல் சத்தம் கேட்டால் முதலில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று. கேட்டால் நான் இல்லவே இல்லை என்று சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே சொன்னால் யார் நம்புவார்கள். (அண்ணா, பயந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும், உனக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியவில்லை.) ஏதோ விளையாட்டுச் சாமானை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று கையை விட்டுக் கல்லை ஒவ்வொன்றாகப் புரட்டினேன், சாமான் இல்லை, கல்லின் அடியில் ஒரு புழு இருந்தது, அதன் உடம்பெல்லாம் கண்ணாடித் தூள் போல மயிர், அத்தனையும் என் விரலில் ஏறிவிட்டது. அம்மா ஒட்டும் டேப்பை விரலில் ஒட்டி ஒட்டிப் பிய்த்தெடுத்துக் கட்டுப் போட்டாள், பிய்க்கிற ஒவ்வொரு தடவையும், இன்னும் பவளம் வளர்க்கணுமா என்று மட்டும் கேட்டாள்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். தொட்டி உடைந்தால் தண்ணீர் நேரே உன் புத்தக அலமாரிக்குத்தான் போகும், கீழ்வீட்டுக்காரரின் தலைக்கும் போகும். இன்று சாயங்காலம் மீன்கடைக்காரர் வந்து மீன், கல், தொட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார், கட்டிலைப் பழைய இடத்துக்கு நகர்த்திவிடுகிறேன், உன் அறை மறுபடியும் உன் அறை, சந்தோஷம்தானே. (இதைச் சொல்லும்போது அப்பா மீனைப் பார்க்கவில்லை அண்ணா, ஜன்னலைப் பார்த்தார், ஜன்னல் மூடியிருந்தது.) உன் அம்மா துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன், வாயே திறக்கவில்லை. இத்தனைக்கும் தொட்டியே வேண்டாம் என்று சண்டை போட்டவள், இப்போதெல்லாம் கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்ததும் காய் நறுக்கக்கூட உன் கட்டிலில் போய்த்தான் உட்காருகிறாள், கேட்டால் அங்கே வெளிச்சம் நல்லா இருக்கு என்கிறாள். நீ இருக்கிற இடத்திலும் குழாய் சத்தம் போட்டால் அசட்டையாக இருக்காதே, உடனே வீட்டுக்காரரிடம் சொல். உன் தங்கைக்கும் போனில் நாலு வார்த்தை புத்தி சொல், என்னதான் கல்லைப் புரட்டிப் பார்த்தாலும் இது இவள் வேலையோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் முழுசாக

டக்.

அண்ணா, இனி நான்தான் எழுதுகிறேன், அப்பா எழுந்து ஓடிவிட்டார். அவர் உன் நாற்காலியில், நான் உன் மேஜையில், ஒரு கையில் பேனா, இன்னொரு கை காகிதத்தின் மேல், இரண்டையும் பார்த்துக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொன்னார், சொல்லும்போதே தொட்டி எனக்குச் சாட்சி சொல்லிவிட்டது. ஆனால் என்மேல் சந்தேகம் தீர்ந்ததில் அவருக்குத் துளிகூடச் சந்தோஷம் இல்லை, நானும் இல்லையென்றால் விரிவது கண்ணாடிதானே, பக்கெட்டைக் கொண்டா, துண்டைக் கொண்டா, அலமாரியைக் காலி பண்ணு என்று கத்தினார். அம்மா பக்கெட்டைக் கொண்டுவரவில்லை, கடையில் கண்ணாடிச் சில்லு பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து தொட்டிமேல் வைத்து, கொஞ்ச நேரம் கத்தாம இருக்கீங்களா என்றாள். கையைப் புண்ணாக்கிக்கொண்டு அப்பா கல்லைப் புரட்டினாரே, அதில் ஒரு கல்லின் பொந்து இப்போது எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உள்ளே ஒரு இறால், என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை, ஒரு கை ஒழுங்கு, இன்னொரு கை மட்டும் தப்பான அளவில் வாங்கிய கையுறை மாதிரி பெரிசு. நாங்கள் பார்க்கப் பார்க்க அந்தப் பெரிய கையை விரித்து ஒரு சொடக்குப் போட்டது. டக். கல்லோடு கல்லாக வந்து, வாரக்கணக்கில் ஒளிந்திருந்து, மீன் வந்ததும் இது என் வீடு என்று மிரட்டியிருக்கிறது. நான் கீழ்வீட்டுக்காரரிடம் விட்ட கதை, ஒரு கூச்ச சுபாவம் உள்ளே இருக்கிறது என்றது, உண்மையாகிவிட்டது, இனிமேல் பொய் சொல்லவே பயமாக இருக்கிறது.

அப்பா பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்தார். அம்மாதான் கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள், எனக்கு அன்னைக்கே தெரியும், கண்ணாடி விரிஞ்சா இப்படிக் கேட்காது, நான் அதுலயே பொழப்பு நடத்துறவ, இது விரல் சொடுக்குற சத்தம், அவன் பரீட்சைக்குப் படிக்கிறப்ப இதே மேஜையில இப்படித்தான் சொடுக்கிக்கிட்டே இருப்பான், எத்தனை தடவை வேணாம்டான்னு கத்தியிருக்கேன். தெரிஞ்சா ஏன் சொல்லலை என்று அப்பா கேட்டார். சொன்னா நீங்க அதைக் கண்டுபிடிச்சு நிறுத்திடுவீங்க என்றாள் அம்மா. அதற்குப் பதில் சொன்னது இறால்தான், டக். பிறகு அப்பா இடது கையால் போனைத் தேடி எடுத்து மீன்கடைக்காரரைக் கூப்பிட்டு, நீங்க வர வேணாம், அந்த ரூம்ல ஆள் இருக்கு என்று சொல்லி வைத்துவிட்டார். நான் அந்த 'வாடகைக்கு விடப்படும்' காகிதத்தைத் தேடியெடுத்துப் பின்பக்கம் 'ஆள் இருக்கிறது' என்று எழுதி ஒட்டினேன், முதல் தடவையாக என்னை யாரும் திட்டவில்லை. இறாலுக்கு அம்மா உன் பட்டப்பெயரையே வைத்துவிட்டாள், சொடக்கு. டேய் சொடக்கு, சும்மா இருடா என்கிறாள், எனக்கே ஒரு நிமிஷம் யாரைச் சொல்கிறாள் என்று தூக்கிவாரிப்போடுகிறது.

இனி அப்பா சொல்வது. மகனே, அந்த அறையில் தரை உறுதி என்று மேலே சொன்னதை அடித்துவிடச் சொன்னேன், இவள் அடிக்க மாட்டேன் என்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும். கட்டில் சுவரோரம் இருக்கிறது, விரிப்பு மாற்றித்தான் வைத்திருக்கிறாள் உன் அம்மா, லீவு கிடைக்கும்போது வா, கிடைக்காவிட்டால் மறுபடி கேள். வந்தால் அறையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும், அந்த இறால் உனக்கு முன்னால் குடிவந்துவிட்டது. நீ நீண்ட ஆயுளோடும் குறையில்லாத மனதோடும் இருக்க எங்கள் இருவரின் ஆசி. சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக்கொள், இந்த உடம்பு வாகு பரம்பரையாக வருவது. ஒன்று மட்டும் மறக்காதே, அடுத்த தடவை போன் பேசும்போது, பேச ஒன்றுமில்லை என்று சீக்கிரம் வைத்துவிடாமல், அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி ஒரே ஒரு தடவை விரலைச் சொடுக்கிவிட்டு வை.

இப்படிக்கு,
இடது கையால் கையெழுத்திடும்
உன் அப்பா

(இது அவர் கையெழுத்துதான் அண்ணா, சத்தியமாக நான் போட்டதில்லை.)