பெட்டியின் அகலம்

திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. சேலையூர் ரோட்டில் கணுக்கால் தண்ணீர். எஸ்தருக்கு ஐந்தாம் மாத ஸ்கேன், குரோம்பேட்டை போய் வந்தோம். ஆட்டோ கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "பதினஞ்சு நாள் படுக்கைதான். லேப்டாப்பைத் தொடக் கூடாது. குழந்தை முக்கியமா, வேலை முக்கியமா?"

பல் டாக்டர் ஒருவரின் வெப்சைட், வெள்ளிக்கிழமை தர வேண்டும். டிசைன் நான், கோடிங் எஸ்தர். எங்கள் கம்பெனியே நாங்கள் இரண்டு பேர்தான். நான் முடிக்காவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். என் பெண்டாட்டியை எனக்குத் தெரியாதா.

வாங்க: இளநீர், இரும்புச்சத்து மாத்திரை, கொசுவத்தி.

செவ்வாய்
தூறல். கல்யாணமான நாளாகக் கெஞ்சினாள், கொஞ்சம் கோடிங் கத்துக்கோங்க என்று. "சாம்பார் வைக்கிறவன் அடுப்பும் செய்யணுமா?" என்று மேதாவி மாதிரி கேட்டவன் நான். இன்று ஒரு பட்டனை நகர்த்த மூன்று மணி நேரம். மொத்தப் பக்கமும் நகர்ந்தது, பட்டனைத் தவிர.

உள்ளேயிருந்து: "என்னங்க, நான் வரட்டா?"
"வேணாம்மா, சூப்பரா போகுது." பச்சைப் பொய்.

புதன்
அவளுடைய பழைய கோடிங்கைப் பார்த்துப் படிக்கிறேன். நடுநடுவே அவளே தனக்கு எழுதிக்கொண்ட குறிப்புகள். சைட்டில் தெரியாது, கோடிங்கைத் திறந்தால்தான் தெரியும். நான் என்றைக்குத் திறந்தேன்?

ஒன்று: "இவர் வரைஞ்ச பெட்டியில 'ரவி' மட்டும்தான் நுழைவான். வெங்கடசுப்பிரமணியனுக்காக அகலம் கூட்டியிருக்கேன். சொன்னா மூஞ்சி சுருங்கிடும். சொல்லல."

ஆமாம், எல்லா டிசைனிலும் பெயர் எழுதும் பெட்டிக்குள் மாதிரிக்கு ரவி என்றுதான் போடுவேன். இப்படி எத்தனையோ குறிப்பு. நான் வரைந்தது அப்படியே வருகிறது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேனே! அழுகை வந்துவிட்டது. முகம் கழுவிவிட்டுத்தான் அவளுக்குக் கஞ்சி எடுத்துப்போனேன்.

வியாழன்
வெயில். துணி காய்ந்தது. அவள் படுத்தபடி வாயால் சொல்ல, நான் டைப். பட்டன் நகர்ந்தது!
"உங்க சாம்பல் கலர் எழுத்து வயசானவங்களுக்குத் தெரியாதுங்க. நானும் டிசைன் கத்துக்கிறேன். இனிமே சொல்லிட்டே மாத்துறேன்."
மூஞ்சி சுருங்கவில்லை. கறுப்பாக்கினேன்.

வெள்ளி
மதியம் சைட் கொடுத்தாச்சு. சாயங்காலம் செக்கப். குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். அப்பாடா.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய அந்த ரவி குறிப்புக்குக் கீழே என் குறிப்பை எழுதி, போனில் காட்டினேன்: "படிச்சிட்டேன். பெட்டியை இன்னும் அகலமாக்கிட்டேன். நம்ம பிள்ளைக்கு எவ்ளோ நீளமா பேர் வச்சாலும் நுழையும்."

படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
"எதுக்குங்க வம்பு? ரவின்னே வச்சிடலாம்."