நாலு மணி நேரத்தில் வந்த புதினா

அன்புள்ள மனைவிக்கு, அதாவது என் முதலாளியம்மாவுக்கு,

நம் ஊரிலிருந்து நான் கடை நடத்தும் இந்த வெளிநாட்டு ஊருக்கே நேர் விமானம் விட்டுவிட்டார்கள். நீ கட்டி அனுப்பிய புதினா நேற்று நாலே மணி நேரத்தில் வந்து இறங்கியது! உன் முதுகுவலி தேவலையா? நான் நலம், என்னைவிடப் புதினா நலம்.

முன்பெல்லாம் நடுவில் விமானம் மாறி, ஒரு நாள் முழுக்கக் கழித்து வரும். பாதி குப்பைக்குத்தான் போகும். நேற்று பெட்டியைத் திறந்ததும் ஓட்டல் சமையல்காரர், "என்னண்ணே, கடைக்குப் பின்னாடி தோட்டம் போட்டுட்டீங்களா?" என்றார். அரை மணியில் எல்லாம் விற்றுப்போனது. ஒரு கட்டு மட்டும் நான் விற்கவில்லை. நீ போட்ட முடிச்சோடு என் அறையில் தண்ணீரில் நிற்கிறது.

"இலை வர்ற நேரத்துல மனுஷன் வர முடியாதா?" என்று போனில் கேட்டாயே, முடியும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்ற என் பழைய சாக்கு இனி செல்லாது. போர்வை அனுப்பச் சொன்னேனே, அனுப்பாதே. நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை விமான நிலையத்துக்கு எடுத்துப்போகும் வண்டிக்காரர் வாசலில் ஹார்ன் அடிக்கிறார். பேரம் பேசாமல், போனில் நீ போட்ட நிபந்தனைக்கே சம்மதிக்கிறேன்: மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு வீட்டில், டிக்கெட் செலவு என் லாபப் பங்கில், அந்த இரண்டு நாளும் கடை போன் உன் கையில்.