ராணி கேட்காத கேள்வி

மனோர் பார்க்,
லண்டன்.

அன்புள்ள மேரிசாந்திக்கு,

உன் மாதா உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும் என்று என் முருகனிடம் சொல்லிவிட்டு எழுதுகிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன். என் மனுசனும் பக்கத்தில் இருந்து கேட்பார். அதுதான் கடிதம். பிழை இருந்தால் குறை நினைக்காதே. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தானே.

நீ பீற்றர் தம்பியிடம் கொடுத்துவிட்ட தடித்த கதைப்புத்தகம் கிடைத்தது. போரில் துலைஞ்ச இளவரசன் தாயிட்டைத் திரும்பி வாறான், வாசியடி, மனம் ஆறும் என்று சொன்னாய். அந்த ஒரு இடத்துக்காகத்தான் தொடங்கினேன். எனக்கு மனதுக்குள் வாசிக்க வராது. சமையலறை மேசையில் வைத்து, வரிக்குக் கீழே விரல் பிடித்து, சத்தம் போட்டுத்தான் வாசித்தேன்.

இதை இவருக்குச் சொல்லவில்லை. நான் வாசிக்கத் தொடங்கினால் மாடிப்படியில் கால்சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டுப் படியும் எங்கள் சுவரோடுதான் என்று முதலில் என்னையே தேற்றினேன். பிறகு அது இறங்கி வந்து கதவடியில் நிற்கும். என் மகன் நிரோஜன்தான். போர் முடிந்த அன்று, விசாரிச்சிட்டு விடுவம் என்று ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றினார்களே, அன்றைக்குப் போட்டிருந்த அதே நீலச் சேட்டு. அதற்குப் பிறகு ஒரு வயதும் கூடவில்லை. நிமிர்ந்தால் போய்விடுவான். அதனால் நிமிராமல் வாசித்தேன். மந்திரக்காரிகளும் பறக்கிற குதிரைகளும் எனக்கு விளங்கவில்லை. அவன் கேட்கிறானே என்று வாசித்தேன்.

போன கிழமை அந்த இடம் வந்தது. இளவரசன் அரண்மனை வாசலில் வந்து நிற்கிறான். ராணி என்ன செய்தாள் தெரியுமா? வாளைக் கையில் கொடுத்து, போய்ப் பழி தீர்த்து வா என்கிறாள். எங்கையடா இருந்தனி, ஆர் அடிச்சது, சாப்பிட்டியோ, ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை பக்கம் எழுதினவருக்கு ஒரு தாயின் வாய் தெரியவில்லை. பிள்ளைக்கு முன்னால் அதை வாசித்தது எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. மூடிவிட்டேன். பாதிக்கு மேல் கிடக்கிறது, எனக்கு வேண்டாம்.

இவரிடம் குறை சொன்னேன். உனக்கு இனி ராணியோடையும் கொழுவலோ என்று சிரித்தார். பிறகு மெதுவாய், கதையிலைதான் அப்பிடித் திரும்பி வருவினம் தவம் என்றார். ஐயரிடம் கேட்டுவிட்டாராம். தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, அதை எங்கள் பிள்ளையென்று வைத்து ஈமக்கிரியை செய்யலாமாம். வருகிற அமாவாசைக்கு நாள் பார்த்திருக்கிறார். இத்தனை வருசமும் கிரியைப் பேச்சை எடுத்தாலே கத்துவேன். இந்த முறை வாய் வரவில்லை.

ஏனென்றால் சாந்தி, புத்தகத்தை மூடியதிலிருந்து கால்சத்தம் இல்லை.

அவன் இந்த வீட்டை அறியான். என் குரலைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பான். அது நின்றதும் எங்கள் ஊருக்கே, விசுவமடுவுக்கே திரும்பிவிட்டானோ தெரியாது. அமாவாசைக்கு முன் ஒருக்கால் எங்கள் பழைய வீட்டு வளவுக்குப் போ. கிணற்றடியில் நின்று அவன் பெயரைச் சத்தமாய்க் கூப்பிடு. ஆராவது விசரோ, பைத்தியமோ என்று கேட்டால், விசர் எனக்குத்தான் என்று சொல்லு. கொஞ்ச நேரம் நின்று பார்.

ஒருவரும் வராவிட்டால் எனக்குப் போன் எடுக்காதே. இவருக்கு எடுத்துச் சொல்லு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அமாவாசையன்று எழும்பிக் குளித்துவிட்டு இவருக்குப் பின்னால் கிரியைக்குப் போவேன்.

உன் பிள்ளைகள் எங்கே போனாலும் பொழுதுபட முன்னர் வீடு வந்து சேரட்டும்.

உன்னையே நம்பியிருக்கும்,
தவநாயகி