தம்பிக்காக அம்மா பேசிய ஒரு நிமிடம்

அக்டோபர் 18, வெள்ளி

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. அம்மாவின் பிரஷர் மாத்திரை நாலு நாளைக்குத்தான் வரும், கிளினிக் போக வேண்டும்.

தம்பி கதிர் போன். தேர்தல் வேலை தலைக்கு மேல் என்றான். அவன் இருக்கும் அமெரிக்க ஊரில் கோர்ட் நீதிபதியை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு நாற்காலிக்கு மூன்று பேர் போட்டி. ஒருவர் அரசாங்க வக்கீலாக இருந்தவர். இன்னொருவர் நில வழக்குப் பார்க்கும் அம்மாள். மூன்றாவது ஆள் நம் மலேசியா புலாவ் செபாங் ரப்பர் தோட்டத்துப் பையன், என் தம்பி. முப்பத்தொரு வருஷம் மலாக்கா கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கே இது புதுசு.

ரொட்டிக் கடை நானாவிடம் சொன்னேன். "ஜட்ஜுக்கு ஓட்டா? கொடி கட்டுவாங்களா, சோறு போடுவாங்களா?" என்றார். தேத்தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே, "ஓட்டுப் போட்டவன் கேஸே முன்னால வந்து நின்னா ஒங்க தம்பி என்னா பண்ணுவாருலா?" நல்ல கேள்வி.

கதிர் கேட்டது: அம்மா பேசி ஒரு நிமிட வீடியோ. அப்பாவைப் பற்றி, அப்பா கோர்ட்டில் நின்றதைப் பற்றி. தமிழிலேயே பேசட்டும். கீழே ஓடும் ஆங்கில வரிகளை நான் எழுதித் தர வேண்டும்.

அக்டோபர் 19, சனி

அவன் பிரசாரத் தாள் வாட்ஸ்ஆப்பில் வந்தது. முதல் பக்கத்தில் கறுப்புக் கோட்டு, சிரிப்பு. முன்வழுக்கை அப்படியே அப்பா. இரண்டாம் பக்கத்தில் அப்பாவின் ஐ.சி. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறான். கீழே: வக்கீல் இல்லாமல், செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்ற தோட்டத் தொழிலாளியின் மகன் நான். அதனால்தான் சட்டம் படித்தேன்.

செய்யாத குற்றம். உண்மைதான். செய்தது யார் என்று தாளில் இல்லை.

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் இறக்கியவர். தோட்டம் கொடுத்த எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கு ஒட்டுப்பால் இருந்ததைத் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி கண்டுபிடித்தார். மரத்திலும் பால் பிடிக்கும் மங்கிலும் காய்ந்து கிடக்கும் ரப்பர், தோட்டத்துச் சொத்து. சாக்கை இழுத்து வந்தவன் கதிர். பதினொரு வயது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் போக ஆசை, டவுனில் விற்கலாம் என்று எவனோ சொல்லியிருக்கிறான். நான் பார்த்தேன். எனக்குப் பதினைந்து. அம்மாவும் அப்பாவும் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

போலீஸ் வந்தபோது அப்பா, "நாந்தான் எடுத்தேன்" என்றார். கிராணி அவரிடம், "கோர்ட்டுல ஒத்துக்க. அபராதத்தோட முடிஞ்சிரும், மறுநாளே மரத்துக்குப் போயிரலாம்" என்று சொல்லி அனுப்பினார். பிற்பாடு நான் மொழிபெயர்த்த தோட்டத்துக்காரர்களில் எத்தனையோ பேர் இப்படித்தான். ஒரு நாள் வேலை கெடக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள். அப்பாவுக்கு மூன்று வாரம் உள்ளே. வேலை போனது. வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. கோயில்தான். ஒன்பது வருஷம் தோட்டத்து மாரியம்மனுக்குக் கரகம் எடுத்தவர் அப்பா. அந்த வருஷம் காப்புக் கட்டக் கையை நீட்டினார். "களவுப் பேரு உள்ள கையில காப்புக் கட்ட முடியாது" என்று கோயில் தலைவர் சொல்லிவிட்டார். நீட்டிய கையை அப்பா மடக்கிக்கொண்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாகும் வரைக்கும் ஒரு திருவிழாவையும் அவர் விடவில்லை. கோயிலுக்கு வெளியே, மோட்டார்சைக்கிள்கள் நிற்கும் இடத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார்.

வீட்டில் நாலு பேருக்கும் தெரியும். நாலு பேரும் ஒரு நாளும் பேசியதில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

வெயில். வீடியோ எடுக்க வேண்டியவை: நீலச் சேலை, பல் செட், விபூதி, பின்னால் அப்பா படம். பக்கத்து வீட்டு நாயைக் கட்டச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு எண்பத்து மூன்று. போனைப் பார்த்துப் பேசச் சொன்னால் அப்பா படத்தைப் பார்த்தே பேசினாள். அவள் சொன்னது, சொன்னபடி:

"எங்க வூட்டுக்காரரு களவாணி இல்ல. சாக்கக் கொண்டாந்தது இந்தப் பையந்தான். சின்னப் புள்ள, ஆசப்பட்டுட்டான். புள்ளயப் புடிச்சிட்டுப் போயிருவாங்களேன்னு அவுரு நாந்தான்னு சொல்லிட்டாரு. இப்ப அந்தப் புள்ள ஜட்ஜா ஒக்காரப் போவுது. ராசா, ஒன் முன்னால ஒருத்தன் வந்து நாந்தான்னு சொன்னா ஒடனே நம்பிறாத. அவன் வூட்டுல யாரு இருக்கான்னு கேளு."

ஐம்பத்தாறு விநாடி. நாற்பது வருஷமாக வாய் திறக்காதவள்.

"சரியா பேசுனனா பாப்பா?"

"சரியாத்தாம்மா பேசுன."

"நம்ம கோயில் தலைவரும் பாப்பாரா?"

"அனுப்புனா பாப்பாரு."

"அதுக்குத்தான் பேசுனேன்."

அக்டோபர் 22, செவ்வாய்

கிளினிக். இரண்டு மணி நேரம் காத்திருப்பு. பிரஷர் 150.

நேற்றே ஆங்கில வரிகளை எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. காலையில் கதிர் போன்.

"அக்கா, அந்த வரியெல்லாம் மாத்திரு."

"என்னன்னு மாத்தணும்?"

"என் புருஷன் நிரபராதி, என் மகன் நியாயமா நடப்பான். அவ்வளவுதான். இங்க யாருக்குக்கா தமிழ் தெரியும்?"

"எனக்குத் தெரியும்டா."

அவன், "அப்ப எனக்குப் பதினோரு வயசுக்கா."

"அதையே சொல்லேன். பதினோரு வயசுல ஒரு தப்புப் பண்ணேன், எங்கப்பா உள்ள போனாருன்னு சொல்லு. கேக்குறவங்களுக்குப் புரியாதா?"

"எதிர்ல நிக்கிறவங்க சும்மா விடுவாங்களா? தாள் வீடு வீடாப் போயிருச்சு. அப்பா கதையில நான் இருக்கவே இல்லன்னு சொல்லிச் சொல்லி எனக்கே பழகிப் போச்சு. இப்ப எப்படிக்கா உள்ள வர்றது?"

அழுதான். ஐம்பதைத் தாண்டிய ஆள். நானும் அழுதேன். ஆனாலும் முடியாது என்றேன். உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று சத்தியம் செய்துவிட்டு எத்தனை கூண்டுகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். முன்பின் தெரியாதவன் சொன்னதை மாற்றாதவள், பெற்றவள் சொன்னதை மாற்றுவேனா?

சமைக்கவில்லை. நானா கடை ரொட்டி. இவன் தோற்றால் என்னால்தான் என்று ஆகிவிடுமோ என்று நாள் முழுக்க மனது அடித்துக்கொண்டது.

அக்டோபர் 26, சனி

பாசாரில் தீபாவளிக் கூட்டம். வாங்கியது: உளுந்து மாவு, எண்ணெய், அம்மாவுக்கு உள்பாவாடை, அப்பா படத்துக்கு மாலை. மறந்தது: ஓமம்.

கதிர் போன் இல்லை. நாலு நாளாக அம்மா ஒரே கேள்வி: "நான் பேசுனது வந்திருச்சா?"

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

விடிய மழை. முறுக்கு கொஞ்சம் கருகிவிட்டது. அப்பா படத்துக்கு முன்னால் வேட்டி, முறுக்கு, ஒரு ஸ்டவ்ட் பீர் பாட்டில். வருஷா வருஷம் அம்மா வைப்பது.

வாழ்த்தோடு வீடியோவையும் அனுப்பியிருந்தான். அரை நிமிடமாக வெட்டியிருக்கிறார்கள். அம்மாவின் வாய் அசைகிறது. குரல் இல்லை, இசைதான் கேட்கிறது. கீழே ஆங்கிலம் ஓடுகிறது, என் வரிகள் இல்லை. என் புருஷன் நிரபராதி. என் மகன் நியாயமாக நடப்பான். அவனே எழுதியிருக்கிறான்.

மூன்று தடவை பார்த்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோயிலில் அப்பா மடக்கிக்கொண்ட அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

அம்மாவிடம், "இன்னும் வரலம்மா" என்றேன்.

நவம்பர் 6, புதன்

வெயில் ஏறும்போது வீடியோ கால். அங்கே நேற்று ராத்திரி. பின்னால் பலூன், கைதட்டல். ஜெயித்துவிட்டான். அந்த நில வழக்கு அம்மாளைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் ஓட்டு.

"நான் பேசுனது ஒதவுச்சா ராசா?" என்று அம்மா கேட்டாள்.

"ரொம்ப ஒதவுச்சும்மா" என்றான். கண் அம்மா பக்கம் வரவில்லை.

போனை வைத்ததும் அம்மா விடவில்லை. "எங்க, காட்டு." காட்டினேன். கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என் சத்தத்தக் காணோமே."

"பாட்டுப் போட்டுட்டாங்கம்மா. நீ சொன்னது கீழ எழுத்தா வருது."

"என்னா எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லு."

திரையில் ஓடியது இரண்டு வரி. அதைப் பார்த்துக்கொண்டே படித்தேன். எங்க வீட்டுக்காரர் களவாணி இல்லை. சாக்கைக் கொண்டு வந்தது இந்தப் பையன்தான். சின்னப் பிள்ளை. கடைசி வரிவரைக்கும் படித்தேன். அதற்குள் வீடியோ முடிந்து இரண்டாம் தடவை ஓட ஆரம்பித்திருந்தது.

"அப்ப சொல்லிட்டானா? தாந்தான்னு?"

"சொல்லிட்டாம்மா."

முப்பத்தொரு வருஷத்தில் நான் செய்யாத காரியம்.

அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை வாங்கிக்கொண்டு போய் அப்பா படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தாள். "கேளுங்க" என்றாள். இசை ஓடியது.

வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கோயிலுக்குப் போக வேண்டுமாம். தலைவருக்கு வயதாகிவிட்டது, இன்னும் கோயிலில் வந்து உட்காருகிறார். அவரிடம் காட்ட வேண்டுமாம். அவருக்கு இங்கிலீஷ் வராதே என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ படிச்சுக் காட்டு பாப்பா. நீதான் மாத்தாமச் சொல்லுவ."