அக்காவும் நானும் ஒரு மூச்சுப் பெட்டியும்

பிப்ரவரி 3, செவ்வாய்

கடையில் இன்று பதினான்கு பேருக்குக் கண் பரிசோதனை. முகக்கவசம் போட்டிருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, கடைசி வரியைப் படிக்கச் சொன்னால் படிக்காமல் பலமாகத் தும்மினார். "அலர்ஜிங்க, பயப்படாதீங்க" என்றார். லென்ஸைத் துடைத்தேன், நாற்காலியைத் துடைத்தேன், கையைத் துடைத்தேன். முதலாளி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இன்னும் இதெல்லாம் எதுக்கும்மா? அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே" என்றார்.

முடிஞ்சு போச்சாம். எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லணும். அக்கா சமையலறையிலிருந்து வாசலுக்கு வர, நடுவில் ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கொரோனா வருஷம் வந்த காய்ச்சல் அவளை விட்டுவிட்டது, நுரையீரலை விடவில்லை.

வீட்டுக்கு வந்தால் வேறு செய்தி. அக்கா மகளுக்கு, குறித்த நாளுக்கு ஐந்து வாரம் முன்னாடியே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை, இரண்டு கிலோகூட இல்லை. அக்கா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே, "நான் போகணும்டி" என்றாள். பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரி. விமானத்தில் இரண்டு மணி நேரம்!

பிப்ரவரி 5, வியாழன்

நுரையீரல் டாக்டர் முடியாது என்று சொல்வார், பிரச்சனை தீர்ந்தது என்று நம்பிப் போனேன். மனுஷர் சிரித்துக்கொண்டே, "தாராளமா போகலாம்" என்கிறார். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

ஆனால் சும்மா கிளம்ப முடியாது. இரண்டு பேரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு இரண்டு வாரம் பொறுக்கணும் (போட்டாச்சு, கை வலிக்கிறது). கையில் எடுத்துப் போகிற சின்ன ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுக்கணும். பறக்கிற நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு பேட்டரி. டாக்டர் கடிதம். மருந்தெல்லாம் கைப்பையில், பெட்டியில் போடவே கூடாது. விரலில் மாட்டுகிற மெஷின் தொண்ணூறுக்குக் கீழே காட்டினால் ஆக்சிஜனை ஒரு படி கூட்டணும்.

"எங்க அக்கா மாஸ்க் போடமாட்டேங்கறாங்க டாக்டர்" என்று புகார் சொன்னேன். "போட்டுக்குவாங்க" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

பிப்ரவரி 9, திங்கள்

விமானக் கம்பெனிக்கு ஃபோன். நாற்பது நிமிஷம். நாலு பேர் மாறினார்கள், நாலு பேரிடமும் முதலிலிருந்து சொன்னேன். "மெஷினோட மாடல் நம்பர் என்ன மேடம்?" "சிலிண்டரா மேடம்?" சிலிண்டர் இல்லம்மா, சிலிண்டர் இல்ல, சிலிண்டர் இல்ல! கத்திவிட்டேன்.

அக்கா என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினாள். முப்பது வருஷம் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஐந்தே நிமிஷம். அனுமதி கிடைத்தது, முன்வரிசை சீட்டு கிடைத்தது, போதாததற்கு அந்தப் பெண்ணுக்கு முழங்கால் வலி என்பதும் அவளுடைய மாமியார்தான் காரணம் என்பதும் தெரிந்துகொண்டாள். சந்தோஷப்படவேண்டியதுதானே நான்? எரிச்சல்தான் வந்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

சண்டை. பெரிய சண்டை.

மாடி வீட்டம்மா இருமிக்கொண்டே வந்து ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாள். ஜன்னல் மூடியிருக்கிறது, அக்கா மாஸ்க் போடவில்லை. ஊருக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது! வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அக்கா மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள்: "நீ என்னைக் காப்பாத்தறியா, காவல் காக்கறியா?"

இதுவரை எங்கும் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த வருஷம் எனக்குத்தான் முதலில் தொண்டை கரகரத்தது. கடையில் லென்ஸ் தேய்க்கிற தூசி என்று சொன்னேன். லீவு போட்டால் முதலாளி வேறு ஆள் வைத்துவிடுவார் என்று பயம். இரண்டு நாள் அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. எனக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 16, திங்கள்

அக்கா இன்னும் பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் எடுத்து வைக்கிறாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

வந்து சேர்ந்துவிட்டோம். அலுப்பு.

சோதனை வாசலில் மெஷினைப் பிரித்துப் பார்த்தார்கள், கடிதத்தை மூன்று பேர் படித்தார்கள். பின்வரிசையில் ஒரு ஆள் வழியெல்லாம் லொக்கு லொக்கென்று இருமல். வாயை மூடுங்க சார் என்றேன், என்னை ஏதோ நோயாளி மாதிரி பார்த்தான். பாதி வழியில் அக்காவின் விரல் மெஷின் எண்பத்தெட்டு காட்டியது. நான் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, தானே பொத்தானை அழுத்தி ஒரு படி கூட்டினாள். தொண்ணூற்று இரண்டு. "பாத்தியா? ஒண்ணுமில்ல" என்றாள். ஒரு வாரத்தில் என்னோடு பேசிய முதல் பேச்சு. உடனே பக்கத்து சீட்டு அம்மாவிடம் திரும்பி மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "பேத்தியைப் பாக்கப் போறேன்" என்று ஆரம்பித்தாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில் விடுதி. இன்று ஓய்வு, நாளை பத்து மணிக்கு மாப்பிள்ளை கார் கொண்டுவருகிறார். குளிர்கிறது என்று அக்கா முனகினாலும் ஜன்னலைத் திறந்தேதான் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 21, சனி

காலையில் எழுந்ததும் எச்சில் விழுங்கினேன். வலித்தது.

வெந்நீர் குடித்தேன். அக்கா கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள், பேத்திக்குத் தைத்த சட்டையை இரண்டு தடவை எடுத்து மடித்து வைத்தாள். "என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

"விமானத்து ஏசி காத்து" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அன்று தூசி. இன்று ஏசி.

கொண்டுவந்திருந்த கொரோனா பரிசோதனை டப்பாவை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனேன். இரண்டு கோடு. பளிச்சென்று. குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பொய் எழுதக் கூடாது இங்கே — மறைக்கலாமா என்று நினைத்தேன். பத்து நிமிஷம் நினைத்தேன். மாஸ்க் போட்டுக்கொண்டு குழந்தை இருக்கிற அறைக்குப் போகாமல் இருந்தால் போதாதா? அக்கா இத்தனை தூரம் வந்துவிட்டு, வாசல்வரை வந்துவிட்டு... அந்தக் குழந்தை இப்போதும் இரண்டரை கிலோ வரவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னேன். "அக்கா, எனக்கு வந்துடுச்சு."

சீப்பை மேஜையில் வைக்கிற சத்தம். பிறகு, "கதவைத் திறக்காத. மாஸ்க் இருக்கா உள்ள? போட்டுக்கோ. நான் மெஷினை எடுத்துக்கிட்டு வேற ரூம் கேக்கறேன்."

"அக்கா, நீயும் இப்ப அஞ்சாறு நாள் குழந்தைகிட்ட போக முடியாது."

"தெரியும்."

"என்னாலதான். அப்பவும் என்னாலதான் —" அழுதுவிட்டேன். நாற்பத்தேழு வயசுக்கு, விடுதிக் குளியலறையில்.

"தெரியும்டி. அப்பவே தெரியும்."

"ஏன் ஒருநாளும் கேக்கல?"

"கேட்டிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? இப்ப என்னைப் படுத்தறதை இன்னும் ரெண்டு பங்கு படுத்தியிருப்ப. போ, மூஞ்சியைக் கழுவு."

பெட்டியின் சக்கரம் தாழ்வாரத்தில் உருள்கிற சத்தம் கேட்டது. மெதுவாக. நடுவில் நின்று, மறுபடி உருண்டது.

பிப்ரவரி 22, ஞாயிறு

காய்ச்சல் நூற்றொன்று. அக்கா மகள் ஃபோனில், "இவ்ளோ ரூல் போட்டீங்களே சித்தி..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் வைத்துவிட்டாள். டாக்டரிடம் பேசினேன். விமானத்தில் தொற்றியிருக்காது, நாலைந்து நாள் முன்பே வந்திருக்கும் என்கிறார். அப்படியென்றால் என் கடையிலிருந்து. அந்த இருமல்காரனை வழியெல்லாம் திட்டினேன், பாவம்.

மாப்பிள்ளை வாசலில் சூப் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடுகிறார். அத்தனை பெரிய ஆள் ஓடுவதைச் சாவித்துவாரம் வழியாகப் பார்த்தால் சிரிப்பாக வருகிறது. சிரித்தால் இருமல் வருகிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்

அக்காவுக்கு நெகட்டிவ். எனக்கு இன்னும் இரண்டு கோடு.

பிப்ரவரி 27, வெள்ளி

அக்காவுக்கு மூன்றாவது தடவையும் நெகட்டிவ். திறந்திருந்த ஜன்னல்தான் காப்பாற்றியது என்று நான் சொல்கிறேன், அதிர்ஷ்டம் என்று அவள் சொல்கிறாள். டாக்டர் சரி என்றதும் மாப்பிள்ளை வந்து கூட்டிப்போனார்.

வீடியோவில் பார்த்தேன். குழந்தை அக்காவின் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவிலேயே அடங்கிவிட்டது. "அம்மா நாலு மணி நேரமா மாஸ்க்கைத் தொடவே இல்ல சித்தி" என்றாள் மகள், கோபமெல்லாம் போன குரலில். நாலு மணி நேரம்! நான் தொண்டை கிழியக் கத்தியபோது நாலு நிமிஷம் போட்டதில்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

மார்ச் 4, புதன்

எனக்கும் ஒரு கோடுதான், இரண்டு நாளாக. குழந்தையைப் பார்த்தேன். கையைக் கழுவிவிட்டு, மாஸ்க்கோடு, பால்கனிப் பக்கம் உட்கார்ந்து, ஒரே ஒரு நிமிஷம் வாங்கிக்கொண்டேன். கொட்டாவி விட்டது.

நாளை திரும்புகிறோம் என்று பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா, "என் துணியை எடுத்து வெளிய வை. நான் வரல" என்றாள்.

"ஒரு மாசம் இவ பக்கத்துல இருக்கேன். அப்புறம் தனியா வரேன்" என்று அவளே தொடர்ந்தாள்.

"தனியாவா? மெஷின்? பேட்டரி? மூச்சு வாங்கினா?"

"ஒரு படி கூட்டத் தெரியும் எனக்கு. டிக்கெட்டையும் மாத்தியாச்சு. அந்த முழங்கால்வலிப் பொண்ணுதான் மாத்திக் குடுத்தா."

கத்தினேன், கெஞ்சினேன், மாப்பிள்ளையை உதவிக்குக் கூப்பிட்டேன். மனுஷர் நைசாகக் குழந்தைத் துணி துவைக்கப் போய்விட்டார்.

மார்ச் 19, வியாழன்

வீடு ஒரே அமைதி. ஒரு நாளைக்கு மூன்று தடவை ஃபோன் செய்கிறேன். "விரல்ல எவ்ளோ காட்டுது?" என்று கேட்டால், "முதல்ல சாப்பிட்டியான்னு கேளு" என்கிறாள்.

இன்று கடையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தவரைப் பரிசோதிக்க மாட்டேன், சரியானதும் வாங்க என்று அனுப்பிவிட்டேன். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வேறு ஆள் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். சாயங்காலம் அவரே வந்து, அக்காவைக் கூட்டிவர எந்த நாள் லீவு வேண்டும் என்று கேட்டார். எனக்கே ஆச்சரியம்.

ஏப்ரல் 4, சனி

அக்கா வருகிற நாள். விமானம் இறங்க ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன். கையில் மாற்று பேட்டரி, மருந்து, சக்கர நாற்காலிக்கு எழுதிக்கொடுத்த சீட்டு. உள்ளே வந்து அவளைக் கூட்டிப்போக அனுமதி வாங்கியிருந்தேன். வரிசையில் நிற்கும்போது ஃபோன் அடித்தது.

"எறங்கிட்டேன். தொண்ணூத்து நாலு. எங்க நிக்கற?"

"உள்ள வந்துட்டிருக்கேன்க்கா. அங்கேயே உக்காரு, நகராத."

"நீ வராத. இங்க ஏகப்பட்ட கூட்டம், பாதிப்பேர் இருமறான். வெளிய காத்தாட நில்லு. நான் வரேன்."

வரிசையிலிருந்து விலகி வெளியே போய் நின்றேன்.