ஒன்பதாவது கேள்வி

அன்புள்ள ஸ்ம்ருதி அக்காவுக்கு,

இங்கே ஐசலினில் அம்மாவும் நானும் சுகம். அங்கே ஃப்ரீமான்டில் உனக்கு இருமல் விட்டதா, மிளகுப்பொடி டப்பாவைத் திறந்தாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

எதிர் வீட்டு லொரெய்ன் ஆன்ட்டி பதில் எழுதிக் கொடுத்த உன் ஆராய்ச்சிக் கேள்வித்தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். கறுப்பின மக்கள் மனதில் இனவெறியால் பட்ட காயம் எவ்வளவு ஆறியிருக்கிறது என்று அளக்க ஜூலையில் ஒருமுறையும் இப்போது ஒருமுறையும் கேட்டாயே, அதுதான். வாங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒன்பதாவது கேள்வி. ‘மற்றவர் வீட்டில் தயக்கமில்லாமல் இருக்க முடிகிறது.’ ஜூலையில் ஐந்துக்கு ஐந்து போட்டவர் இப்போது இரண்டு போட்டிருக்கிறார். அந்த ஐந்தை உங்கள் வீட்டை நினைத்துத்தான் போட்டேன் என்று அன்றைக்கு என்னிடம் சொன்னார்.

கொலுவுக்கு அவரை அழைத்தது அம்மாதான். மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு, கையில் பூச்செடியோடு வந்தார். உள்ளே ஜலஜா மாமியும் இன்னும் நாலு பேரும் பாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா தாம்பூலப் பையை என் கையில் திணித்து, “இவாளைப் பார்த்தா மாமி ஏதாவது பேசுவா. கராஜ்லயே குடுத்து அனுப்பிடு, செல்லம்” என்றாள். நானும் கொடுத்தேன் அக்கா. ஸ்கூலை விட்டு நான் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து தினமும் என்னைக் காரில் கடைக்குக் கொண்டுபோய் விடுகிறவருக்கு, கார் கழுவும் வாளிக்குப் பக்கத்தில் நின்று கொடுத்தேன். ஆன்ட்டி உள்ளேயிருந்து வந்த பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டார். அழகான பாட்டு என்று சொல்லி, செடியை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

நேற்று அம்மா இந்தத் தாளைப் பார்த்துவிட்டாள். “தாம்பூலம் குடுத்தாச்சே, என்ன கொறை? பென்சில்தானே, அழிச்சு அஞ்சாக்கிடு. ஸ்ம்ருதி என்ன நெனைப்பா?” என்றாள். ஸ்கூலில் என் இங்கிலீஷைப் பேசிக்காட்டிச் சிரித்தார்கள் என்று என்னைவிட அதிகமாக அழுதவள் அவள். அவளா இப்படிச் சொல்கிறாள் அக்கா?

நான் அழிக்கவில்லை. நீயும் மாற்றாதே. அது நம் வீடுதான் என்றாலும் இரண்டு இரண்டாகவே இருக்கட்டும். வெந்நீர் குடி, வேளைக்குச் சாப்பிடு. அம்பாள் உன்னை நன்றாக வைக்கட்டும்.

உன் தங்கை,
அஞ்சனா

பி.கு.: தினமும் காருக்குப் பக்கத்தில் நின்று காத்திருப்பேனே தவிர, ஆன்ட்டி வீட்டு மணியை நான் தொட்டதே இல்லை. இன்று காலை கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் போய் அடித்தேன்.