வரிசையில் ஒன்பதாவது ஆட்டோ

2025 ஜூன் 2, திங்கள்

இன்று மூன்று ஹயர். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை மூன்றே மூன்று சவாரி. மீதி நேரமெல்லாம் ஆட்டோவைத் தள்ளினேன்.

எங்கள் தரிப்பிடத்தில் முன்னால் நிற்பவன் ஆளேற்றிக்கொண்டு போனால், பின்னால் நிற்கும் எல்லோரும் எஞ்சினைக் கிளப்பாமல் கையாலேயே ஒரு ஆட்டோ நீளம் முன்னுக்குத் தள்ளுவோம். பெற்றோல் மிச்சம், இடுப்பு செலவு. யாராவது கேட்டால் ஆட்டோ ஓட்டுகிறேன் என்கிறேன். பொய். தள்ளுகிறேன்.

ஆனாலும் அது என் இடம். மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒன்பதாம் நம்பர். ஏழு வருடத்துக்கு முன் மனைவி நிஷாந்தியின் சங்கிலியை விற்றுச் சங்கத்தில் கட்டி வாங்கியது. கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிய அன்று எனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது. அங்கே என் வாய்க்கும் ஒரு மதிப்பு உண்டு. என் ஊர்க்கதை கேட்பதற்காகவே என் முறை வரும்வரை காத்திருந்து ஏறிய நோனா அம்மாமார் உண்டு. (ஒருவர். ஒரு தடவை.)

இன்று சங்கத் தலைவர் சாலிஹ் நானாவின் மீசையைப் பற்றிச் சொன்னேன். தாடிக்கு மருதாணி, மீசைக்குக் கறுப்பு டை. "நானா, மேல் மாடி ஒரு கட்சி, கீழ் மாடி ஒரு கட்சியா?" பதின்மூன்று பேரும் சிரித்தார்கள். பதின்மூன்று பேரிடமும் ஹயர் இல்லை.

ஜூன் 5, வியாழன்

வண்டிக்குக் கடன் தந்த லீசிங்காரர்களின் இரண்டாவது கடிதம். மூன்றாவது கடிதம் வராதாம், ஆட்கள்தான் வருவார்களாம், வண்டியைக் கொண்டுபோக.

ஃபோனில் ஹயர் பிடித்துத் தரும் ஆப்பைப் போட்டுக்கொண்டேன்.

ஆப் ஓட்டுகிறவனுக்குத் தரிப்பிடத்தில் இடமில்லை என்று போன வருடம் சங்கத்தில் தீர்மானம் போட்டோம். முதலில் கை தட்டியவன் நான். ஆப் ஓட்டுகிறவர்களைப் பற்றி கேலியாக ஒரு பகிடியும் விட்டேன். என்ன பகிடி என்று மறந்துபோனது நல்லதுதான்.

ஜூன் 9, திங்கள்

தேத்தண்ணி குடிக்கப் போகிறேன் என்று வரிசையை விட்டுக் கழன்று, சந்தைக்கு அந்தப் பக்கம் போய் ஆப்பைத் திறக்கிறேன். நாலு நாளாக நாளுக்கு ஐந்து ஹயர் கூடுதலாக வருகிறது. நானா கேட்டார்: "என்ன தம்பி, ஒரு நாளைக்கு எத்தன கோப்ப குடிக்கிற? சீனி வந்துரும்."

இன்று ஒரு பொடியன் மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறான். காரணம்: "சாரதி அதிகம் பேசுகிறார்."

பேசாமல் எப்படி ஓட்டுவது? அவனுடைய பக்கத்து வீட்டுக் கல்யாணம் ஏன் நின்றது என்று இலவசமாகத்தானே சொன்னேன்.

ஜூன் 14, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வரிசையில் மூன்றாவதாக நின்றேன். ஆப்பை மூட மறந்துவிட்டேன். ஃபோன் சத்தம் போட்டது, பெருவிரல் தானாக அமுக்கிவிட்டது. பார்த்தால் ஆளேற்ற வேண்டிய இடம் எங்கள் தரிப்பிடமேதான். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் பிள்ளை, கையில் இரண்டு பை, நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பார்த்து என்னிடம் வருகிறது.

"அண்ணே, நீங்கதானே?"

ஆமாம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கலாம். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? ஏழு வருடப் பழக்கம். கையை முன்னுக்கு நீட்டினேன்.

"முன்னுக்கு நிக்கிற வண்டில ஏறுங்க தங்கச்சி. இப்ப அவங்க முறை."

முன்னால் நின்றது சாலிஹ் நானா.

நானா அறுநூறு என்றார். அந்தப் பிள்ளை ஃபோனை அவர் முகத்துக்கு நேரே பிடித்து முன்னூற்று முப்பது என்றது. கொஞ்ச நேரம் வாக்குவாதம். பிறகு நானா இறங்கி என்னிடம் நடந்து வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"அந்தப் புள்ளட ஃபோன்ல ஒங்கட படம் இரிக்கி தம்பி. சிரிச்சிட்டு நிக்கிறீங்க."

ஜூன் 15, ஞாயிறு

சங்கக் கூட்டம். விலக்கிவிட்டார்கள். பத்தாம் நம்பர் ரமேஸ் பிளேடால் என் ஸ்டிக்கரைச் சுரண்டினான். "மன்னிச்சிக்கங்கண்ணே" என்று சொல்லிச் சொல்லிச் சுரண்டினான். பாதி ஒன்பது இன்னும் கண்ணாடியில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்தால், ஏற்றுக்கொண்ட பயணியை வேறு வாகனத்துக்கு அனுப்பியதற்காக என் கணக்கை மூன்று நாள் முடக்கியிருக்கிறது. முறைப்படி நடந்ததற்குத் தண்டனை. முறை தவறியதற்கும் தண்டனை. ஒரே ஆள், ஒரே விரல், இரண்டு வேலையும் போனது.

நிஷாந்தியிடம் இரண்டையும் சொன்னேன். வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். நான் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

ஆப் மட்டும்தான் இப்போது. பன்னிரண்டு ஹயர். கேட்க நன்றாக இருக்கிறது. நாலு கிலோமீட்டர் வெறும் வண்டியாகப் போய் ஏற்றி, இரண்டு கிலோமீட்டரில் இறக்குகிறேன். பல்லேபொலைக்கு ஒருவரைக் கொண்டுபோய் விட்டு, திரும்ப மாத்தளைவரை ஆளில்லை. காசில் கம்பனியின் பங்கு, பிறகு பெற்றோல், பிறகு லீசிங், பிறகு நாங்கள்.

தரிப்பிடத்தில் மூன்று ஹயர் ஓடினாலும் விலையை நான் சொன்னேன். தேத்தண்ணிக் கடைக்காரர் கழிவறைச் சாவியைத் தந்தார். டயர் காற்றுப் போனால் ஆறு கை வந்தது. இன்று பலாபத்வலையில் காற்றுப் போனது. நானே கழற்றி நானே மாட்டினேன். அதற்குள் ஹயர் ரத்து. நட்சத்திரம் குறைந்தது. இன்னும் குறைந்தால் ஹயர் தரமாட்டார்கள்.

எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

இனி வாயைத் திறப்பதில்லை.

ஜூலை 16, புதன்

நட்சத்திரம் ஏறுகிறது.

காலையில் கொங்காவலையில் ஒரு ஹயர், பெயர் ஹமீமா. போனால் வாசலில் சாலிஹ் நானா, பக்கத்தில் அவர் மனைவி. நானாவின் வண்டி கராஜில். அவருக்கு என்னைப் பார்த்ததும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நான்தான் போட்டன் தம்பி," என்றார் ஹமீமா தாத்தா. (அவர் நானா என்றால் இவர் தாத்தா, அதாவது அக்கா.) "கிளினிக்குக்கு நடந்து போவம் எண்டார் இவர். என்ட முழங்கால் நோவு ஒங்கட சங்கத்துக்குத் தெரியுமா?"

ஆஸ்பத்திரிவரை நான் பேசவில்லை. இறங்கும்போது நானா கேட்டார்: "வாய் எங்க போச்சு?"

"ஸ்டார் கொறையும் நானா."

பகிடிக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒன்பதாம் எடம் இன்னும் வெறுமையாத்தான் இரிக்கி. ஒருத்தர் காசோட கேட்டுட்டு இரிக்கார். வெள்ளிக்கெழமைக்கு முந்தி அந்த ஆப்ப ஃபோன்ல இரிந்து அழிச்சிட்டு வாங்க. நான் பேசறன்."



ஜூலை 17, வியாழன்

நிஷாந்தியிடம் சொன்னேன். அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எங்க இருந்தா நீங்க நல்லா இருப்பீங்க?"

"பார்க்குல, வரிசையில."

"எங்க இருந்தா வண்டி நம்மகிட்ட இருக்கும்?"

 நாளுக்கு மூன்று ஹயரில் லீசிங் கட்ட முடியாது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். அழலாம் போல இருந்தது. தண்ணீர் குடிக்காதவனுக்கு அதுவும் வராதோ என்னவோ.

ஜூலை 18, வெள்ளி

காலை ஆறு மணி. ஆப்பைத் திறந்தேன். முதல் ஹயர் அலுவிகாரைக்கு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லீசிங் இந்த மாதம் கட்டியாகிவிட்டது. வண்டி வாசலில் நிற்கிறது.

மத்தியானம் ஒரு நோனாவை ஏற்றிக்கொண்டு தரிப்பிடத்தைத் தாண்டிப் போனேன். வரிசையைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். புதிய ஆட்டோ ஒன்று, கண்ணாடியில் முழு ஒன்பது. அந்த ஆளுக்குத் தள்ளத் தெரியவில்லை. தோளைக் கொடுக்காமல் கையால் மட்டும் தள்ளுகிறான். சொல்லிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது. நான் ஹோர்ன்கூட அடிக்கவில்லை.

மாலையில் நிஷாந்தி என் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். அந்த நோனா எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தாள்: "மிகவும் அமைதியான சாரதி. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை." ஐந்து நட்சத்திரம்.

வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். "யாரோட ஃபோன மாத்தி எடுத்துட்டு வந்தீங்க?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

சோற்றைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சாலிஹ் நானா மீசையப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன். கேட்டு எவ்வளவு நாளாச்சு."

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.